லிட்டர்க் கணக்கர்

கல்யாணப் பந்தலிலோ, கோயில் பிராகாரத்திலோ, பாங்கில் பென்ஷன் வாங்க நிற்கும் வரிசையிலோ, முன்பின் அறியாத ஒருவர் உங்களிடம் பேச்சுக் கொடுத்து, ஊர், உத்தியோகம், குழந்தைகள் என்னும் சம்பிரதாயமான விசாரணைகளையெல்லாம் இரண்டே வாக்கியங்களில் முடித்துக்கொண்டு, குரலைச் சற்றே தாழ்த்தி, "உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" என்று வினவுவாராகில், அவர் பழைய கார் ஒன்றின் சொந்தக்காரர் என்பதையும், அந்தக் கார் அளவுக்கு மீறிப் பெட்ரோல் குடிக்கிறது என்பதையும், அந்தத் துக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ள இன்று நீங்கள் அகப்பட்டிருக்கிறீர்கள் என்பதையும் சந்தேகமின்றித் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் சொல்லும் எண் பதினைந்துக்கு மேற்பட்டால் அவர் நம்பமாட்டார். பத்துக்குக் குறைந்தால் உங்களை விடமாட்டார்.

லிட்டர்க் கணக்கர் என்று நான் பெயரிட்டிருக்கும் இந்த வர்க்கத்தினர் எல்லா ஊர்களிலும் உண்டெனினும், வாசலில் போர்ட்டிகோவும், கையில் பென்ஷனும், பகலில் அவகாசமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மயிலாப்பூரைப் போன்ற இடங்களில்தான் செழித்து வளர்கிறார்கள். அவர்களுள் உத்தமோத்தமரான ஒருவரை நான் அறிவேன். ஆயுள் முழுவதும் சர்க்கார்க் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய வாகனம் அம்பாஸிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வடிவத்தைச் சுவீகரித்து, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் 1950-களின் இறுதி தொடங்கி 2014 வரையில் உற்பத்தி செய்யப்பட்டு, மந்திரிகளையும் டாக்ஸிப் பிரயாணிகளையும் பட்சபாதமின்றிச் சுமந்த அந்த வம்சத்தில், 1489 சி.சி. எஞ்சினும் எஸ்.யு. கார்புரேட்டரும் கொண்ட பழைய கிளையைச் சேர்ந்தது. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் அம்பாஸிடர் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். அவருடையதோ ஏழுதான் கொடுத்து வந்தது. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் இக்காலத்தில், பத்துக்கும் ஏழுக்கும் இடையே மாயமாய் மறைந்துபோன அந்த மூன்று கிலோமீட்டரைக் கண்டுபிடிப்பதற்காகவே தமக்கு இந்த ஓய்வுக்காலம் அருளப்பட்டிருப்பதாக அவர் கருதினார்.

அளப்பதில் அவரைக் குறைகூற எவராலும் முடியாது. எப்போதும் ஒரே பங்க், ஒரே பம்பு, வெயில் ஏறுவதற்கு முந்திய அதே காலை வேளை. டாங்க் நிறைந்துவிட்டதென்று குழாய் தானாகவே 'டக்' என்று நின்றதும் பணத்தை நீட்டிவிட்டுப் போகிறவர்கள் சாமானியர்கள். இவரோ கீழே இறங்கி, பின் மட்கார்டில் இரண்டு கைகளையும் ஊன்றி வண்டியைத் தொட்டில்போல் ஆட்டுவார்; உள்ளே சிறைப்பட்டிருந்த காற்றுக் குமிழிகள் 'களக் களக்' என்று வெளிவரும்; "இப்போ ஊத்துப்பா" என்பார். பையன் இன்னும் அரைக்கால் லிட்டர் ஊற்றுவான். பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்கள் ஹாரனடிக்கும். அதைப் பொருட்படுத்தாமல் மறுபடியும் ஆட்டுவார். பிறகு டாஷ்போர்டிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, தேதி, மீட்டர், லிட்டர், விகிதம் ஆகியவற்றைத் தசம ஸ்தானம் இரண்டுவரை எழுதி, 'விசேஷக் குறிப்பு' என்னும் கடைசிப் பத்தியில், 'மழை', 'மாப்பிள்ளை ஓட்டினார்', 'சம்பந்தி குடும்பத்துடன் (கனம் அதிகம்)' என்று காரண காரியங்களைப் பதிவு செய்வார்.

ரிப்பேர்ச் செலவுகளுக்கு வீட்டில் வேறொரு நோட்டு இருந்தது. ஒரு தலைப்பில் ஆன செலவை இன்னொரு தலைப்பில் காட்டுவது மகாபாவம் என்று முப்பத்தைந்து வருஷம் பிறருக்கு உபதேசித்தவராதலால், பெட்ரோல் நோட்டில் மிச்சமாகவேண்டிய ரூபாய்களும், ரிப்பேர் நோட்டில் கரைந்துகொண்டிருந்த ரூபாய்களும் ஒன்றையொன்று சந்திக்க அவர் ஒருபோதும் சந்தர்ப்பம் அளித்ததில்லை. மாதம் இருநூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, மூன்று கிலோமீட்டரும் திரும்பக் கிடைத்தாலும், மிச்சம் எட்டரை லிட்டர்தான் என்பதை அவருடைய மனைவி ஒருநாள் பால் கணக்குக்கு நடுவில் போட்டுக் காட்டியபோது, "பணமா முக்கியம்? இது தர்மம்" என்று சொல்லிவிட்டார்.

நோயின் சாட்சியாக அவர் சட்டைப் பையில், பத்திரிகைத் தாளில் சுற்றிய ஸ்பார்க் பிளக் ஒன்று சதா வாசம் செய்யும். கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் அதைப் பிரித்துக் காட்டுவார். "பாருங்கோ, முனை பிஸ்கட் நிறமாய் இருந்தால் சுகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்காய் இருந்தால் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. இது எப்படி இருக்கிறது? வெல்வெட் மாதிரிக் கரி! காற்று போதாமல் பெட்ரோல் பாதி வெந்தும் வேகாமலும் போகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைப்படி 14.7 பங்கு காற்று வேண்டும்" என்பார். அவர் சொன்னதில் பிழை ஏதும் கிடையாது. ஆனால் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில், சந்தனப் பேலாவுக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் மத்தியில் அந்தப் பிளக்கை வைத்து அவர் வியாக்கியானம் செய்தபோது, சந்தனம் என்று எண்ணிக் கைவைத்த மாமி ஒருத்தி பட்டுப்புடவை முழுவதும் கரியைப் பூசிக்கொண்டதிலிருந்து, விசேஷங்களுக்கு வரும்போது பிளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி அவரைக் கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

நாகேசுவர ராவ் பூங்காவில் காலையில் உலாவும் கோஷ்டியில் அவருக்கு ஆலோசகர்கள் பலர். பழைய காருக்கு யோசனை சொல்பவன் அந்தக் காரைப் பார்ப்பதில்லை. எந்த வியாதிக்காகத் தான் அதிகப் பணம் இழந்தானோ, அந்த வியாதியைப் பிறர் வண்டியில் கண்டு ஆறுதல் அடைகிறான். பிஸ்டன் ரிங்கால் குடிமுழுகிப் போன ஒருவர், "போர் போடாமல் தீராது" என்றார். டிஸ்ட்ரிபியூட்டரால் பாதிக்கப்பட்டவர், "பாயிண்டை மாற்றுங்கள், டைமிங்கை முன்னுக்குத் தள்ளுங்கள்" என்றார். டாப்பெட், டாப்பெட் என்று இன்னொருவர் ஜபித்தார். நம் நண்பர் எவர் பேச்சையும் தட்டவில்லை. கம்ப்ரெஷன் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. பாயிண்ட் புதிது போட்டார்கள். டைமிங்கைத் தள்ளியதில் எஞ்சின் 'கடகட' என்று நாக்கிங் அடித்ததால் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். டாப்பெட்டும் பார்த்தாயிற்று. கார்புரேட்டரின் அடியிலுள்ள ஜெட் நட்டைத் திருகித் திருகி, பெட்ரோலைக் குறைக்கப் பார்த்தார் ஒரு மெக்கானிக். எவ்வளவு திருகியும் எஞ்சினின் சத்தத்தில் மாறுதலே இல்லை. அது எத்தகைய முக்கியமான சாட்சியம் என்பதை அப்போது ஒருவரும் உணரவில்லை. நோட்டில் மட்டும் 7.10, 6.95, 7.05 என்று எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

பிறகு பெட்ரோலின்மேலேயே பழி விழுந்தது. இப்போதெல்லாம் அதில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலின் எரிசக்தியோ பெட்ரோலினுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு நாள் இந்தக் கண்டுபிடிப்பில் உற்சாகமாயிருந்தவர், மூன்றாம் நாள் கணக்குப் போட்டுப் பார்த்து, அதனால் நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு பங்குதான் குறையலாமேயன்றி முப்பது பங்கு குறையாது என்று கண்டு, தம் குற்றச்சாட்டைத் தாமே வாபஸ் வாங்கிக்கொண்டார். லிட்டர்க் கணக்கரிடம் எத்தனையோ பைத்தியங்கள் இருக்கலாம். பொய்க் கணக்கு மட்டும் கிடையாது.

இதற்குப் பின் ஆரம்பமாயிற்று சிக்கன சாரத்தியம். சிக்னலில் எஞ்சினை அணைப்பார். 1973-ல் கட்டிய ஜெமினி மேம்பாலத்தின் உச்சியை அடைந்ததும் நியூட்ரலில் போட்டு, புண்ணிய லோகத்திலிருந்து இறங்குபவரைப்போல் மௌனமாக இறங்குவார். சைக்கிள்காரர்கள் அவரைக் கடந்து சென்றார்கள். கனத்தைக் குறைப்பதற்காக ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டுத் தாழ்வாரத்தில் உருட்டிவிட்டு, காஞ்சிபுரத்துக் கல்யாணத்துக்குக் குடும்பத்துடன் புறப்பட்டதையும், சுங்குவார்சத்திரத்துக்கு அருகே டயர் பஞ்சரானதையும், முகூர்த்தம் முடிந்து ரஸம் பரிமாறும் சமயத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்ததையும் விஸ்தரிக்கவேண்டியதில்லை.

கடைசியில் புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் முதிய பாய் ஒருவரிடம் வண்டி போய்ச் சேர்ந்தது. நண்பர் வழக்கம்போல் பிளக்கைப் பிரித்து நீட்டினார். பாய் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நோட்டை நீட்டினார். பாய் அதைத் திறக்கவேயில்லை. சமதரையில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, "தள்ளுங்கடா" என்றார். பையன்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளியும் வண்டி முழ தூரம் நகர்ந்து, முனகி நின்றது. பின்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். இடது டிரம் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

"பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது ஸார். ஹாண்ட்பிரேக் கேபிள் துருப் பிடிச்சு இறுகிக் கெடக்கு."

"அது ஒன்றுதானா பாய்?"

"சோக் எப்பப் போடுவீங்க?"

"மார்கழிக் குளிரில் மட்டும். போட்டவுடனே உள்ளே தள்ளிவிடுவேன்" என்றார் நண்பர், தம் ஒழுக்கத்தைப் பற்றிய பெருமிதத்துடன்.

பாய் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் குனிந்து, கார்புரேட்டரின் அடியில் விரலைக் கொடுத்து எதையோ மேல்நோக்கி அழுத்தினார். அதுவரை தொண்டை கட்டியவன்போல் கமறிக்கொண்டிருந்த எஞ்சின், கனைத்துச் சரிசெய்துகொண்டு இனிமையாகப் பாட ஆரம்பித்தது. விரலை எடுத்தார், மறுபடி கமறிற்று. எஸ்.யு. கார்புரேட்டரில் சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கிப் பெட்ரோலை அதிகமாக விடும். சோக்கை உள்ளே தள்ளினால் அது மேலேறித் தன் ஸ்தானத்தை அடையவேண்டும். இவர் வண்டியில் குமிழ் மட்டும் ஒழுங்காக உள்ளே போயிற்று, ஜெட் போகவில்லை. என்றைக்கோ ஒரு மார்கழி விடியலில் இறங்கிய ஜெட், பங்குனி, சித்திரை வெயிலிலெல்லாம் மார்கழியையே அனுஷ்டித்துக்கொண்டிருந்தது. ஜெட் நட்டோடு ஒட்டினால்தானே நட்டைத் திருகுவதற்குப் பலன் உண்டு? அது பாதி வழியிலேயே தொங்கிக்கொண்டிருக்க, மெக்கானிக் திருகியதெல்லாம் வீண் சிரமம்.

பாய் தெர்மோஸ்டாட் மூடியையும் கழற்றினார், உள்ளே சூனியம். "வெயில் ஊருக்கு எதுக்குன்னு எவனோ புடுங்கிட்டான் ஸார். கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வர்ற வண்டி, சூடே ஏறாம ஓடினா குடிக்கத்தான் குடிக்கும்" என்றார். பின் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பளித்தார்: "எஞ்சின்மேல ஒரு குத்தமும் இல்ல. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, சோக்கை இழுத்துவிட்டு ஓட்டினா ராஜா வீட்டு வண்டியும் இப்படித்தான் குடிக்கும்."

கேபிள்களும் தெர்மோஸ்டாட்டும் மாற்றி, பிரேக்கைச் சரிசெய்து, ஜெட்டைச் சுத்தம் செய்து அவர் வாங்கிய தொகை, நண்பரின் ஒரு மாதப் பெட்ரோல் செலவைவிடக் குறைவு. அடுத்த டாங்க்கில் கணக்கு 10.05 வந்தது. அதற்கடுத்ததில் 10.02.

அதன்பிறகு நண்பரைச் சந்தித்தவர்கள் அவருடைய முகவாட்டத்தைக் கண்டு, வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள். பூங்காவில் அவரைச் சூழ்ந்து நின்றவர்கள், பத்துக் கொடுக்கும் வண்டியைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ரத்த அழுத்தத்துக்கும் அரசியலுக்கும் திரும்பிவிட்டார்கள். பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்ட பிளக்கைப் பார்க்க ஒருவரும் கழுத்தை நீட்டவில்லை. 'விசேஷக் குறிப்பு'ப் பத்தி வாரக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தது.

ஒருநாள் மாலை அவர் மிக்க தேஜஸுடன் வந்தார். செங்கற்பட்டுச் சாலையில் கிலோமீட்டர்க் கற்களை எண்ணிக்கொண்டே போனாராம்; கற்கணக்கில் ஐம்பது வந்த இடத்தில் மீட்டர் ஐம்பத்தொன்றைத் தாண்டியிருந்ததாம். டயர் தேய்ந்து வட்டம் சிறுத்துப்போனதால் சக்கரம் அதிகச் சுற்றுச் சுற்றுகிறது. மீட்டர் இல்லாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டுகிறது. "அப்படியானால் பத்து என்பது பொய்! வாஸ்தவத்தில் வண்டி கொடுப்பது 9.8!" என்று, இழந்த சொத்தைக் கோர்ட்டில் ஜெயித்தவர்போல் கூவினார். மீட்டரைத் திருத்துவதற்காக நாலு புது டயர் வாங்குவதென்று அப்போதே நிச்சயமாகிவிட்டது.

"நாலு டயரா? அது எந்த நோட்டுல ஏறும்?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"டயருக்குத் தனி நோட்டு" என்றார் லிட்டர்க் கணக்கர், கணமும் தயங்காமல்.