உண்டியல் குலுக்காத மென்பொருள்

திருப்பூர் வாசகர்: விஎல்சி பிளேயரை இலவசம் என்றுதானே தருகிறார்கள்? பிறகு எதற்கு நன்கொடை?

கொடுக்காவிட்டாலும் படம் ஓடும். இடைவேளையில் உண்டியல் வராது. விளம்பரம் சேர்த்தால் பல கோடி தருகிறோம் என்று வந்தவர்களை அதன் தலைவர் ழான் பாப்டிஸ்ட் கெம்ஃப் திருப்பி அனுப்பியிருக்கிறார். நன்கொடை அந்தப் பிடிவாதத்துக்கு.

மதுரை வாசகி: கட்டற்ற மென்பொருளுக்குக் காசு வாங்குவது கொள்கைத் துரோகம் இல்லையா?

கொள்கையை வகுத்த ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் பிழைத்தார். க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருள் அதன் தளத்தில் சும்மா கிடைக்கிறது. ஸ்டீம் கடையில் விலைக்கு இருக்கிறது. தெரிந்தே வாங்குகிறவர்களும் உண்டு.

கும்பகோணம் வாசகர்: வின்ரார் என்னிடம் பல வருடமாகக் காசு கேட்கிறது. கொடுக்கட்டுமா?

அது கட்டற்ற மென்பொருளே இல்லை. 40 நாள் ஓசியில் பார்த்துவிட்டு வாங்க வேண்டிய சரக்கு. நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். மனசு உறுத்தினால், அதே கோப்புச் சுருக்கும் வேலையை இலவசமாகச் செய்யும் 7-ஜிப்புக்கு மாறிவிடுங்கள்.

சேலம் வாசகி: நான் போடும் 100 ரூபாயால் என்ன ஆகிவிடும்?

ஆஸ்கர் கிடைக்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. 1,00,000 யூரோ தந்தால் மூல நிரலை விட்டுத்தருகிறோம் என்றார்கள் முதலீட்டாளர்கள். அதை உருவாக்கிய டான் ரோசண்டால் பயனர்களிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது, சில்லறை சில்லறையாக. அந்த அக்டோபரில் நிரல் ஊருக்குப் பொதுவானது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்ற லாட்வியப் பூனைக்கதை ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்த படம். 2002இல் சில்லறை போட்டவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

சென்னை, ஐடி ஊழியர்: எங்கள் கம்பெனி முழுக்க முழுக்க ஓபன் சோர்ஸில்தான் ஓடுகிறது. ஒரு பைசா கொடுத்ததில்லை. தப்பா?

சட்டப்படி இல்லை. புத்திப்படி, ஆமாம். இணையத்தில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் பூட்டி அனுப்பும் வேலையைப் பெரும்பாலான இடங்களில் ஓபன்எஸ்எஸ்எல் செய்துவந்தது. 2014இல் அதில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோதுதான், முழுநேர ஆள் ஒருவரை வைத்து அது நடந்துவந்ததும், நன்கொடையாக ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் வந்ததும் உலகத்துக்குத் தெரிந்தது. அதன் மேல் உட்கார்ந்து கோடி கோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள் அதற்கப்புறம்தான் அவசர நிதி திரட்டின.

பாடம் பாதிதான் ஏறியது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கியைச் சம்பளமில்லாமல் ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். களைத்திருந்த அவருக்குக் கைகொடுப்பதாக ஓர் ‘உதவியாளர்’ வந்தார். இரண்டாண்டுக்கும் மேலாக நம்பிக்கை சம்பாதித்து, 2024இல் சர்வர்களைத் திறந்துவிடும் கள்ளக்கதவை உள்ளே வைத்தார். சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர் குடைந்ததால் தப்பித்தோம். இதைப் பிரிண்ட் எடுத்து உங்கள் நிதி அதிகாரியின் மேஜையில் வையுங்கள்.

ஈரோடு வாசகர்: நம் நாட்டில் எந்தக் கம்பெனியாவது கொடுக்கிறதா?

பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனம் ஜெரோதா, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று 2024இல் ஒரு நிதியைத் தொடங்கியது. ‘வாழ்க ஓபன் சோர்ஸ்’ என்று டி-சர்ட் அடிப்பதைவிட மேல்.

நாகர்கோவில் வாசகர்: நன்கொடை கொடுத்தேன். கேட்ட வசதியைச் செய்துதரவில்லையே!

கோயிலுக்கு டியூப்லைட் உபயம் செய்தவர் பூஜை நேரத்தை மாற்றச் சொல்லலாமா?

சிவகாசி, அச்சகக்காரர்: இங்க்ஸ்கேப்பில் காலண்டர் வடிவமைத்து விற்கிறேன். பங்கு கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள், சம்பாதித்துக்கொள் என்றுதான் உரிமமே சொல்கிறது. ஆனால் இதே வேலைக்கு வேறு மென்பொருள் என்றால் மாதாமாதம் சந்தா கட்டியிருப்பீர்கள். அதில் ஒரு மாதத் தொகையை வருடத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். பொழுதுபோக்குக்கு வரைகிறவர் கொடுக்காவிட்டால் பாதகமில்லை. அதை வைத்துப் பிழைக்கிறவர் கொடுக்கத்தான் வேண்டும்.

திருநெல்வேலி, கல்லூரி மாணவி: கையில் காசே இல்லை. என்ன செய்ய?

லிப்ரே ஆபீஸின் தமிழ் மெனுவைத் திறந்து பாருங்கள். மொழிபெயர்க்காத சொல், பிழையான சொல் கண்ணில் பட்டால் திருத்தி அனுப்புங்கள். டாலர் வைத்திருப்பவர்கள் பலர். தமிழ் தெரிந்து அந்த வேலைக்கு உட்காருகிறவர்கள் சிலர்தான்.