கிடார் அண்ணன்

கல்லூரி விடுதி என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு வார்டன் உண்டு, ஒரு சமையல் மாஸ்டர் உண்டு, ஒரு கிடார் அண்ணன் உண்டு. முதல் இருவரையும் நிர்வாகம் நியமிக்கிறது. மூன்றாமவர் சுயம்பு. பெரும்பாலும் மூன்றாம் வருட மெக்கானிக்கல், கையிருப்பில் இரண்டு மூன்று அரியர், வலக்கையில் மட்டும் வளர்த்த நகம். ஓர் அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால் உள்ளே அண்ணன் எழுந்தருளியிருக்கிறார் என்று பொருள்.

கிடாரை எடுத்ததும் வாசித்துவிடும் ஆள் அல்ல அவர். முதலில் சுருதி சேர்ப்பார். போனில் ட்யூனர் ஆப் பச்சை விளக்குக் காட்டினாலும் ஒப்புக்கொள்ளமாட்டார். கிடாரின் தோளில் காதை வைத்து, நாடி பிடிக்கும் வைத்தியரைப் போல முகத்தைச் சுளித்து, "பி ஸ்ட்ரிங் ஒத்துழைக்கலடா" என்பார். சுற்றி உட்கார்ந்திருக்கும் முதல் வருடப் பையன்களுக்கு ஆறு கம்பிகளில் எது பி என்றே தெரியாது. ஆனாலும் எல்லோரும் கவலையோடு தலையாட்டுவார்கள். கச்சேரியில் பாதி நேரம் இதிலேயே போய்விடும். அதைப் பற்றி யாருக்கும் குறையில்லை.

அடுத்து கண்ணை மூடுவார். கவனிக்க வேண்டிய கட்டம் இதுதான். மூடிய கண்ணோடு 'இளைய நிலா'வின் முன்னிசையைத் தொடுவார். ஏறக்குறைய அந்த முன்னிசைதான், அடையாளம் தெரியும். பல்லவி வரப்போகிற இடத்தில் கையால் கம்பிகளை அமர்த்திவிட்டு, "இதுக்கு மேல மூட் இல்லடா" என்பார். மூட் இருக்கிறது, மேலே தெரியாது. 'என் இனிய பொன் நிலாவே' ஆனாலும் 'நெஞ்சுக்குள் பெய்திடும்' ஆனாலும் அண்ணனுக்குத் தொடக்கம் மட்டுமே பாடம். ஒரு சரணத்தின் வாசலைக்கூட அவர் மிதித்ததாக வரலாறு இல்லை.

அப்படியும் அந்த அறையிலிருந்து எழுந்து போகிறவர்களில் நாலு பேருக்கு அன்றிரவு தூக்கம் வராது. கிடார் வாங்கியே தீரவேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்பதை யோசித்துப் பார்க்கலாம். கிடாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா இருக்கிறார். ராணிப்பேட்டைக்காரர், சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் படிப்பு, அப்புறம் அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரி. ஃப்ரெட்டுகள் பதித்த கிடார்க் கழுத்தில் கமகத்தை வழுக்கிக்கொண்டு போவார். கேட்கிறவன் என்ன செய்கிறான்? கைதட்டுகிறான், பெருமூச்சு விடுகிறான், "இதெல்லாம் பிறவியிலேயே வரணும் சார்" என்று சொல்லிவிட்டுப் பார்க்கிங்கில் வண்டியைத் தேடுகிறான். கடைக்குப் போகிற எண்ணம் அவனுக்கு வருவதேயில்லை.

கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் குழுவின் கிடார்காரரைப் பாருங்கள். கீபோர்டுக்குப் பின்னால், பாதி முகம் ஸ்பீக்கரில் மறைய நிற்பார். அண்ணன் பாதியில் விட்ட அதே 'இளைய நிலா'வை முன்னிசை, இடையிசை எல்லாம் சேர்த்துப் பிசகாமல் வாசிப்பார். கண்ணை மூடமாட்டார், முதல் பந்தி முடிந்ததா என்று அவர் பார்வை டைனிங் ஹால் பக்கம் இருக்கும். அவரைப் பார்த்து இன்றுவரை ஒருவரும் கிடார் வாங்கியதில்லை. வாசிக்கத் தெரிந்தவரைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது போலிருக்கிறது. அண்ணனைப் பார்த்தால்தான் "இவ்வளவுதானா, நமக்கும் வரும்" என்று தோன்றும். அண்ணனின் திறமையே அந்தப் போதாமைதான்.

சினிமாவும் இந்தச் சேவையைச் செய்திருக்கிறது. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது மோகனைப் பார்த்துக் கிடாருக்கு ஆசைப்பட்டவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அந்தப் படத்தின் 'இளைய நிலா'வில் குரல் எஸ்.பி.பி.யுடையது. கிடார் வாசித்தவர் சந்திரசேகர். அந்நாளைய மோகன் படங்கள் பலவற்றில் பேசுகிற குரலும் எஸ்.என். சுரேந்தருடையது. மோகனுக்கென்று மிஞ்சியது அந்தச் சிரிப்பும் கிடாரைப் பிடித்த பிடியும்தான். ஊரைக் கவிழ்த்தது அந்தப் பிடி. சந்திரசேகர் எதிரே வந்திருந்தால் வழி கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு 2008-இல் 'வாரணம் ஆயிரம்'. ஒரே படத்தில் சூர்யா உடம்பையும் முறுக்கி, கிடாரையும் எடுத்து, ஒரு தலைமுறை அப்பாக்களுக்கு ஜிம் சந்தா, கிடார் என்று இரண்டு செலவு வைத்தார்.

திரும்பவும் விடுதிக்கு. தூக்கம் வராத பையன் மறுநாள் அண்ணனிடம் போய் நிற்பான். அண்ணன் உலகத்திலேயே அதிகம் கிடார் விற்றுக்கொடுத்த அந்த வாக்கியத்தைச் சொல்வார்: "சிம்பிள்டா. நாலே நாலு கார்டு. ஜி, ஈ மைனர், சி, டி. இத வெச்சே ஆயிரம் பாட்டு வாசிக்கலாம்." பொய்யில்லை, அந்த நாலைச் சுற்றிச் சுற்றி வரும் பாட்டுகள் உலகமெங்கும் கொட்டிக்கிடக்கின்றன. ஆனால் ஐந்தாவதாக எஃப் என்று ஒன்று இருப்பதை அண்ணன் சொல்லமாட்டார். அது பையனே போய்ச் சந்திக்க வேண்டிய விதி.

வீட்டுக்குப் போன் போகும். அப்பா மறுப்பார். அதற்கும் அண்ணன் பதில் தயாரித்துக் கொடுத்திருப்பார்: "ராஜா சாரே முதல்ல ஜி.கே. வெங்கடேஷ்கிட்ட கிடார் வாசிச்சவர்தாம்ப்பா." உண்மைதான். தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்து இளையராஜா மேற்கத்திய இசையைப் படித்த கதையை மட்டும் அண்ணன் விட்டுவிடுவார். அப்பாக்களைக் குறை சொல்லி என்ன? லிவர்பூலில் ஜான் லெனனை வளர்த்த மிமி பெரியம்மாவே, கிடாரை நம்பிப் பிழைக்க முடியாது என்று கண்டித்தவர்தான். அங்கே அது பொய்த்தது. இங்கே அப்பாக்கள் சொல்வது அநேகமாகப் பலிக்கிறது.

ஒருவழியாகக் கிடார் வந்து சேரும். வசதியுள்ள வீடென்றால் யமஹா. இல்லாவிட்டால் கல்கத்தா தயாரிப்பான கிவ்சன். அமெரிக்க கிப்சனுக்கும் அதற்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம், விலையில் மட்டும் ஏழு கடல் தூரம். முதல் வாரம் விரல் நுனிகள் சிவக்கும். "வலிக்குதுண்ணா." "வலிக்கணும்டா, அப்பதான் தோல் காய்க்கும்." இரண்டாம் வாரம் ஜி வரும். மூன்றாம் வாரம், ஜி-யிலிருந்து சி-க்குத் தாவுவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும். அப்புறம் எஃப். ஆட்காட்டி விரல் ஒன்றையே படுக்கப்போட்டு ஆறு கம்பிகளையும் அமுக்கிக்கொண்டு, மிச்ச விரல்கள் வேறு வேலை பார்க்க வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் அட்டைப்பெட்டியைத் தட்டிய சத்தம்தான் வரும். பையன் அண்ணனைத் தேடிப் போவான். அண்ணன் சொல்வார்: "எஃப் இல்லாத பாட்டா பாத்து வாசிடா. நான் அப்படித்தான்."

நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கத்தில் சர்ச்சில் வாசித்து வளர்ந்த பையன்கள் இந்த எஃப்-ஐ எப்போதோ தாண்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டாயம் வாசித்தாக வேண்டும். கொயர் பாடத் தொடங்கிவிட்டால் யாருடைய மூடுக்காகவும் நிற்காது. விடுதிக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. ஆகவே செமஸ்டர் லீவில் கிடார் வீட்டுக்குப் போய், உறையோடு அலமாரி உச்சியில் ஏறும். "வீணையா இருந்தா கொலுவுலயாவது வெச்சிருக்கலாம்" என்பார் அம்மா. லீவுக்கு வரும் அக்கா குழந்தை அதைப் படுக்கவைத்து ஸ்கேலால் அடித்து வாசிக்கும். அந்தக் கிடாரில் முழுதாக நிகழ்ந்த கச்சேரி அது ஒன்றே.

இது நம்மூர்ப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். கிடார் செய்தே பேரெடுத்த ஃபெண்டர் கம்பெனியின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்டி மூனியே, புதிதாகத் தொடங்குகிறவர்களில் 90 சதவீதம் பேர் முதல் வருடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். உலகெங்கும் அலமாரிகள் உண்டு. உலகெங்கும் அண்ணன்களும் இருப்பார்கள்.

மிச்சம் பத்துப் பேரில் ஒருவன். அண்ணன் அறையில் இடம் கிடைக்காமல் கதவோரம் நின்ற ஒல்லிப் பையனாகத்தான் அவன் இருப்பான். கேள்வி கேட்கமாட்டான். எல்லோரும் மெஸ்ஸுக்குப் போனபிறகு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எஃப்-ஐ அழுத்திக்கொண்டே இருப்பான். ஒருநாள் அது கணீரென்று ஒலிக்கும். அடுத்த வருடம் அண்ணன் சபையில், "அண்ணா, அந்த எடத்துல டி இல்ல, டி மைனர்" என்று தயங்கித் தயங்கிச் சொல்வான். சொல்லிவிட்டுச் சரணம்வரை வாசித்தும் காட்டுவான்.

அறை கப்சிப் ஆகும். அண்ணன் அசரவே மாட்டார். அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, "பாத்தீங்களாடா, நான் சொல்லிக்கொடுத்த பையன்" என்பார். சிரிக்க வேண்டாம். அன்று அந்த அறையில் இவர் கண்ணை மூடியிருக்காவிட்டால் அந்தப் பையன் இந்நேரம் கேரம் ஆடிக்கொண்டிருப்பான்.

அண்ணன் இப்போது சோழிங்கநல்லூரில் ஐடி கம்பெனியில் இருக்கிறார். ஹால் சுவரில் கிடார் தொங்குகிறது. டீம் அவுட்டிங்குக்கு மறக்காமல் எடுத்துப் போகிறார், ஏலகிரியில் நெருப்பு மூட்டி உட்கார்ந்ததும் கண்ணை மூடுகிறார், புதிதாகச் சேர்ந்த டிரெய்னி ஒருத்தி, "அண்ணா, இது கத்துக்க ரொம்ப கஷ்டமா?" என்று கேட்கிறாள். "சிம்பிள்மா. நாலே நாலு கார்டு."

அந்த நாலு கார்டை நம்பி வாங்கியது உங்கள் வீட்டு அலமாரி மேலும் ஒன்று இருக்கக்கூடும். இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கி, தூசி தட்டி, கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். வருடக்கணக்கில் முறுக்கியபடியே விட்டால் கழுத்து வளைந்துவிடலாம். வளைந்த கிடாருக்குச் செகண்ட் ஹேண்ட் விலைகூடத் தேறாது.