மூலத் துரு: அமெரிக்க மசில் கார் மீட்பியலில் சில பாடச்சிக்கல்கள்

பழைய அமெரிக்க மசில் கார்களை வாங்கி, பிரித்து, பழுதுபார்த்து, பழையபடியே பூட்டும் கலைக்குத் தமிழில் இன்னும் இலக்கணம் எழுதப்படவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை என்பது மெய்தான். கேட்டபின் எழுதுவது ஆய்வாளனுக்கு அழகன்று.

ஆய்வுக்குரிய வினா இது. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் ஓஹையோவிலோ மிச்சிகனிலோ தம் வீட்டு கராஜில் 1969ஆம் ஆண்டுக் கார் ஒன்றை வெறும் கூடாகும்வரை கழற்றிப் போடுகிறார். சில ஆண்டுகளும் ஓய்வூதியத்தின் பெரும்பகுதியும் கரைந்தபின் அதைத் திரும்பப் பூட்டி, “ஆலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ, இப்போதும் அப்படியே இருக்கிறது” என்கிறார். ஆலையை விட்டு வந்த அன்று அது எப்படி இருந்தது? சுமாராக இருந்தது என்பதே என் துணிபு. அந்தச் சுமாரை இம்மியும் பிசகாமல் மீட்கத்தான் இத்தனை பாடு என்பதை இனி நிறுவுவேன்.

மசில் காரின் இலக்கணம் எளிது. நடுத்தர உடம்பு, பெரிய வண்டிக்குரிய வி-8 இன்ஜின், இளவட்டங்கள் தவணையில் வாங்கக்கூடிய விலை. பிரேக், ஸ்டியரிங் முதலியன இலக்கணத்துள் அடங்கா. செய்தவர்களும் அவ்வாறே கருதியதாகத் தெரிகிறது. 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓவுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். கிளம்புவதற்கு வேண்டியதெல்லாம் கம்பெனி கொடுத்தது. நிற்பதை ஓட்டுகிறவரின் முன்வினைக்கு விட்டது.

இந்த ஜிடிஓதான் மரபின் ஆதிநூல் என்பர். அது பிறந்ததே ஒரு குறுக்குவழியில். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் விதித்திருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் கூட்டாளிகளும் அந்த விதியை, வக்கீல் பத்திரத்தைப் படிப்பதுபோல ஊன்றிப் படித்தார்கள். மேலிட ஒப்புதல் புது மாடலுக்குத்தான் வேண்டும். இருக்கிற மாடலுக்குத் தரும் கூடுதல் வசதிக்கு வேண்டாம். ஆகவே டெம்பஸ்ட் லெமான்ஸ் காரின் கூடுதல் வசதிப் பட்டியலில் 389 கன அங்குல இன்ஜின் ஒன்று சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்தது. பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், கேட்காமலே. ஐயாயிரம் போனாலே அதிகம் என்று விற்பனைப் பிரிவு கணக்குப் போட்டிருந்தது. முதல் ஆண்டில் 32,450 போயின.

ஆதிநூலுக்கு எழுந்த முதல் உரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1964 மார்ச் மாத ‘கார் அண்ட் டிரைவர்’ இதழின் அட்டையில் பான்டியாக் ஜிடிஓவும் ஃபெராரி ஜிடிஓவும் மோதும் காட்சி இருந்தது. அது ஓவியம். சோதனைக்கு ஃபெராரி வரவேயில்லை. வந்த பான்டியாக் மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் தொட்டதாக இதழ் எழுதியது, நாடு வாய்பிளந்தது. பல ஆண்டுகள் கழித்து, அந்தக் காலத்தில் பான்டியாக்குக்கு விளம்பரம் செய்த ஜிம் வாங்கர்ஸ் தம் நினைவுநூலில் உண்மையைப் போட்டு உடைத்தார்: அந்தச் சோதனைக் காரில் இருந்தது 389 இன்ஜின் அல்ல, அதைவிடப் பெரிய 421. ஆக, இம்மரபின் பெருமையை ஊருக்குச் சொன்ன முதல் ஏட்டிலேயே இடைச்செருகல் இருக்கிறது.

இப்படித் தொடங்கிய மரபில் ‘நம்பர் மேட்ச்சிங்’ என்பது சமயக் கோட்பாடு ஆனது விந்தை. காரோடு ஆலையில் பிறந்த இன்ஜினே இன்றும் அதில் இருக்கவேண்டும். இன்ஜினில் வெட்டிய எண் காரின் எண்ணோடு பொருந்தவேண்டும் என்பது அது. பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. 1970இல் பதினெட்டு வயதுப் பையன் கையில் சிக்கிய கார் அந்த இன்ஜினை எத்தனை சனிக்கிழமை இரவுகள் தாங்கியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தால், பொருந்துகிற கார்களைக் கண்டு மகிழ்வதா சந்தேகப்படுவதா என்றே தெரியவில்லை.

சந்தேகப்படுவோர் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறார்கள். இன்ஜின் பிளாக்கில் எண் வெட்டும் திட்டு ஆலையில் இழைக்கப்பட்டபோது அதில் மெல்லிய இணைகோடுகள் விழுந்தன. பின்னாளில் யாராவது எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் வெட்டினால் கோடும் கூடவே தேய்ந்துவிடும். எனவே அறிஞர் குனிந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் முதலில் கோட்டைப் படிக்கிறார், அப்புறம்தான் எண்ணை. கோட்டையும் போலியாகப் போடத் தெரிந்தவர்கள் வந்துவிட்டபடியால் இப்போது கோட்டின் தொனியையும் படிக்கவேண்டியிருக்கிறது.

1964, 1965 ஜிடிஓக்களில் சிக்கல் இன்னும் ஆழம். அவை சட்டப்படி கூடுதல் வசதி சேர்த்த லெமான்ஸ் கார்கள்தாம் என்பதால் வண்டி எண்ணில் ஜிடிஓ என்பதற்கு எந்தக் குறியும் கிடையாது. 1966இல்தான் தனி மாடலாகித் தனிக் குறி பெற்றது. டிலோரியன் மேலிடத்தை ஏய்த்த அதே சாமர்த்தியம் அறுபது ஆண்டு கழித்து வாங்குகிறவரையும் ஏய்க்கிறது. சாதாரண லெமான்ஸுக்கு மூன்றெழுத்துச் சின்னங்களை வாங்கி ஒட்டிவிட்டால் வண்டி எண் வாய் திறக்காது. பழைய ஆலைப் பட்டியல்களை வைத்திருக்கும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்துக்குப் பணம் கட்டி நகல் வாங்கிப் பார்த்தால்தான் வண்டியின் குலமுறை தெரியும்.

அதனினும் உயர்ந்த சான்று, ஆலையில் தொழிலாளி பார்த்துப் பார்த்துப் பூட்டிய குறிப்புத்தாள். வேலை முடிந்ததும் அதைக் குப்பையில் போடச் சோம்பிய புண்ணியவான்கள் சிலர் சீட்டு ஸ்பிரிங்குக்குள் செருகினார்கள். சிலர் பெட்ரோல் டேங்கின் மேல் விட்டுவிட்டார்கள். இன்று சீட்டைப் பிரிக்கும்போது எலி தின்றது போக மிச்சம் கிடைத்தால் வீடே கூடிவிடுகிறது. சிதைந்த மூலையில் இருந்த எழுத்து எதுவாக இருந்திருக்கும் என்று செல்லரித்த ஏட்டின் முன் பதிப்பாசிரியர்கள் படும் வேதனையை இவர்களும் படுகிறார்கள். பதிப்பாசிரியர்களுக்கு அந்த எழுத்தைப் பொறுத்துப் பத்தாயிரம் டாலர் கூடவோ குறையவோ போவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

வெளியுடம்பை ஆராய எளிய கருவி போதும். துணி சுற்றிய சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காரை மெச்சுகிற பாவனையில் பின்மட்கார்டின் கீழ் ஓரமாக நகர்த்திவர வேண்டும். தகடு இருக்குமிடத்தில் காந்தம் ஒட்டும். பட்டி பார்த்து மொழுகிய இடத்தில் வழுக்கி விழும். அப்போது விற்பவர் வேறு பக்கம் பார்ப்பார்.

இனி ஆய்வின் நடுநாடிக்கு வருவோம். மீட்பாளர்களில் ஒரு தலைமுறை காரைப் புதிதைவிடப் புதிதாக்கியது. பெயின்டைக் கண்ணாடிபோல ஏற்றினார்கள், அடிப்பாகத்தில்கூட முகம் பார்க்கலாம். பரிசுகள் குவிந்தன. பிறகு ஒரு ஞானம் உதித்தது: 1969இல் எந்த ஆலையும் எந்தக் காரின் அடிவயிற்றையும் மெருகேற்றியதில்லை. மேலே வண்ணம் அடித்தபோது புகைபோலச் சிதறியது கீழே ஏனோதானோவென்று படிந்தது, அவ்வளவுதான். அதுமுதல் ‘அளவுக்கு மீறிய மீட்பு’ குற்றமாயிற்று. 1974இல் தோன்றிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி ஆலையிலிருந்து வந்த நிலையையே அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுகிறது. அழுக்குக்கு எப்படி மார்க் குறையுமோ அப்படியே அதிகப்படி பளபளப்புக்கும் குறையும்.

விளைவைக் கண்ணால் கண்டால்தான் நம்பமுடியும். பானட்டைத் திறந்தால் உள்சுவரில் மெழுகுப் பென்சிலால் ஒரு கிறுக்கல் இருக்கும். ஆலையில் பரிசோதகர் ‘பார்த்தாயிற்று’ என்று போட்ட அடையாளம் அது. ஸ்டியரிங் தண்டில், அச்சின் போல்ட்டுகளில் எல்லாம் மஞ்சளும் நீலமுமாக ஒரு சொட்டுப் பெயின்ட், முறுக்கிய ஆள் முறுக்கியதற்குச் சாட்சியாக. மீட்பாளர் சுரண்டுமுன் இவற்றையெல்லாம் படமெடுத்து வைத்துக்கொள்கிறார். துருவை மணல் வீசி உரித்து, டிங்கரிங் முடித்து, பிரைமர் ஏற்றி, வண்ணம் அடித்து, எல்லாம் ஆனபிறகு, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே கிறுக்கலை அதே சாய்வில் போடுகிறார். கை நடுங்கக்கூடாது, பரிசோதகரின் கை நடுங்கியிருந்தால் மட்டும் நடுங்கலாம். கதவு இடுக்கில் ஒரு பெயின்ட் வடிசல் இருந்திருந்தால் அதையும் வடியவிடவேண்டும். அன்று அந்த ஆலைக்காரர் ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் அரை நொடியில் வடியவிட்டதை இவர் ஒரு பிற்பகல் முழுக்கப் பயிற்சி செய்து வடியவிடுகிறார். அலட்சியத்தை இவ்வளவு அக்கறையோடு வேறு எந்த நாகரிகமும் பேணியதாகத் தெரியவில்லை.

துருவுக்கும் தலவரலாறு உண்டு. டெட்ராய்ட்டின் தரைக்குக் கீழே, ஆயிரம் அடிக்கும் ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே வெட்டிய உப்பு குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் கொட்டப்படுகிறது. சாலை உப்பு காரின் தளத்தகட்டைத் தின்கிறது. மேலே காரைச் செய்து, அதை அரிக்கும் பொருளையும் கீழேயிருந்தே எடுத்துத் தரும் ஊர் வேறெங்கும் உண்டோ? அரிசோனாவின் வறண்ட வெயிலில் கிடந்த காருக்கு விலை அதிகம் என்பதன் காரணமும் இதுவே.

இவ்வளவுக்கும் எதிர்க்கட்சி ஒன்று உண்டு. மீட்கவே கூடாது, எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவர்களுக்கு மேற்கோள் ‘புல்லிட்’ கார். 1968இல் வந்த அந்தப் படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் நடிகர் ஸ்டீவ் மக்குவீனின் பச்சை மஸ்டாங்கும் ஒரு கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றையொன்று துரத்துகின்றன. அதே பச்சை ஃபோக்ஸ்வாகனை இரண்டும் திரும்பத் திரும்ப முந்துகின்றன. இது கூறியது கூறல். நான்கு சக்கரமுள்ள சார்ஜரிலிருந்து நான்குக்கு மேற்பட்ட வீல் கப்புகள் கழன்று உருள்கின்றன. இது மிகைபடக் கூறல். நம் இலக்கணிகள் சொன்ன பத்துக் குற்றங்களில் இரண்டு இருந்தும் காட்சி சாகாவரம் பெற்றுவிட்டது. அந்த மஸ்டாங்கை 1974இல் ஒரு குடும்பம் ஆறாயிரம் டாலருக்கு வாங்கியது. திருப்பித் தரும்படி 1977இல் மக்குவீனே கடிதம் எழுதினார், கொடுக்கவில்லை. வீட்டம்மா அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். 1980இல் கிளச் போய் ஒதுங்கியது. நாற்பது ஆண்டு கழித்து, 2020 ஜனவரியில், சொட்டையும் துருவும் மங்கிய பெயின்டுமாக ஃப்ளோரிடா ஏலத்தில் 37.4 லட்சம் டாலருக்குப் போனது. பட்டி பார்த்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

பழைய உடம்புக்குள் நவீன இன்ஜினும் டிஸ்க் பிரேக்கும் ஏசியும் வைக்கும் ‘ரெஸ்டோமாட்’ பிரிவினரைப் பற்றி இரு தரப்பும் பேசுவதில்லை. அவர்கள் கார் ஓடுகிறது, நிற்கிறது, குளிர்கிறது. ஆராய ஒன்றுமில்லை.

ஏக்கத்தின் காலக்கணக்கையும் பார்த்துவிடலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இளைஞர்களுக்குப் பிரீமியத்தை ஏற்றின. 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாயிற்று. 1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது; அதுவரை ஃபேனும் சைலன்சரும் இல்லாத வெறும் இன்ஜினை மேசையில் ஓடவிட்டு அளந்தவர்கள் இனி எல்லாம் பூட்டி அளந்தார்கள். 1971இல் 365 என்று அச்சான கார்வெட்டின் 454 இன்ஜின் அடுத்த ஆண்டு 270 ஆனது. அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை சாகவில்லை, காகிதத்திலிருந்து மட்டும் ஓடிப்போயின. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தட்டுப்பாடு. 1974ஓடு ஜிடிஓ நின்றது. ஆக, உச்சக்காலம் மொத்தமே பத்தாண்டுகூட இல்லை. அந்தப் பத்தாண்டில் பதினேழு வயதாக இருந்து, பக்கத்து வீட்டுப் பையன் வாங்கியதை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தவர்கள்தாம் ஐம்பது கடந்து, கடன் அடைந்து, பிள்ளைகள் வெளியேறியபின் கராஜைத் திறந்தார்கள். இவர்கள் மீட்பது பெரும்பாலும் தங்களிடம் இல்லாத காரை. இருந்தவர்கள் அதை எப்போதோ கம்பத்தில் மோதிவிட்டார்கள். இன்றைய நாற்பது வயதுக்காரர்களோ 25 ஆண்டு ஆகி இறக்குமதிக்குச் சட்டம் வழிவிடும் ஜப்பானிய ஸ்கைலைன் காருக்காக நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் கூடும் திருவிழாவைப் பார்த்தால் இவ்வளவும் விளங்கும். 1995இல் ஃபெர்ன்டேல் என்ற சிற்றூரில் குழந்தைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்க நிதி திரட்டத் தொடங்கியது அது. அறுபதுகளில் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே சாலை. இன்று அங்கே கால் மைலை நொடிக்கணக்கில் தாண்டச் செய்த வண்டிகள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து, நடந்துபோகிறவர்களுக்கு வழிவிட்டு ஊர்கின்றன. சூடேறிய சில, பானட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்கின்றன. உள்சுவரில் கிறுக்கல் இருக்கிறதா என்று பார்க்க அதுவே நல்ல வாய்ப்பு.

எதிர்கால ஆய்வாளருக்கு ஒரு குறிப்போடு நிறுத்துகிறேன். 2024 மாடலாக டாட்ஜ் கம்பெனி மின்சார சார்ஜர் டேட்டோனாவைக் கொண்டுவந்தது. அதில் புகைக்குழாய் கிடையாது. பழைய வி-8இன் உறுமலை எழுப்ப ஒலிபெருக்கி உண்டு, 126 டெசிபல் வரை உறுமும் என்று கம்பெனி சொன்னது. 2074இல் யாரோ ஒரு பெரியவர் இந்தக் காரைக் கராஜில் பிரித்துப் போடுவார். ஒலிபெருக்கி காரோடு பிறந்ததுதானா என்று எண்ணைச் சரிபார்ப்பார். அதற்குள் ஏற்றியிருக்கும் உறுமல் மென்பொருளின் முதல் பதிப்பா, பின்னால் வந்த திருத்தமா என்பதில் அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிவார்கள். திருத்தத்தில் நீக்கிய கரகரப்பைத் திரும்பச் சேர்த்தால்தான் முழு மார்க் என்று ஒரு கட்சி வாதிடும். நான் அந்தக் கட்சி.