பதில் வராத விண்ணப்பங்கள்

ஆறு மாதமாக இணையத்தில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறேன். என் பயோடேட்டாவை யாராவது படிக்கிறார்களா, இல்லையா?
- வேலை தேடும் பட்டதாரி, திருநெல்வேலி

படிக்கிறது! பல பெரிய நிறுவனங்களில் முதலில் சலித்தெடுப்பது மென்பொருள்தான். பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, கட்டம், படம் என்று அலங்கரித்தால் அது தடுமாறலாம். விளம்பரத்தில் 'டேலி, ஜிஎஸ்டி' என்று கேட்டிருந்து, உங்களுக்கும் அவை தெரியுமென்றால், அதே சொற்களை எழுதுங்கள். 'கணக்கு வேலை நன்றாக வரும்' என்றால் அதற்கு விளங்காமல் போகலாம். பதில் வராதது உங்கள் தகுதிக்குப் போட்ட மார்க் அல்ல.

உடனே பதில் வந்து, 'பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய்' என்றால்தான் பயப்பட வேண்டும். வேலை தருகிறவர் பணம் கொடுப்பாரா, வாங்குவாரா? கட்டி ஏமாந்திருந்தால், வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.