பட்சிக்குப் பந்தி: கேள்வி - பதில்

வட அமெரிக்காவில் ஏப்ரல் கடைசி வந்துவிட்டால், கொல்லைப்புறத்தில் ஃபீடர் மாட்டிவிட்டு ஜன்னலோரம் தவம் கிடப்பவர்கள் பெருகிவிடுகிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பாதி பறவைகளைப் பற்றி, மீதி அணிலைப் பற்றி.

எம்.எஸ்., எடிசன், நியூ ஜெர்சி
கே: பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஆரஞ்சைப் பாதியாக நறுக்கி மரத்தில் ஆணி அடித்து வைக்கிறார். திருஷ்டிக்கா?
ப: பூசணிக்காய் உடைக்கும் ஊரிலிருந்து போனவருக்கு அப்படித்தான் தோன்றும். அது பால்டிமோர் ஓரியோலுக்கு. ஆணுக்குக் கறுப்புத் தலை, தணலாக ஜொலிக்கும் ஆரஞ்சு மார்பு. குளிர்காலத்தை மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்திலும் கழித்துவிட்டு, மே முதல் வாரத்தை ஒட்டி உங்கள் தெருவுக்கு வருகிறது. அது சாப்பிடுவதைக் கிட்டே நின்று பாருங்கள். மூடிய அலகைச் சுளைக்குள் குத்தும். உள்ளே போனபிறகு அலகை விரிக்கும். பிளந்த இடத்தில் ஊறும் சாற்றைப் பிசிறான நாக்கு நுனியால் உறிஞ்சும். ஜூஸர் இல்லாமலே ஜூஸ்!

கே.ஆர்., நேப்பர்வில், இல்லினாய்
கே: அது நம் ஊர் மாங்குயிலுக்கு உறவா?
ப: சாயல் மட்டும்தான். இரண்டும் வேறு வேறு குடும்பம், பங்காளி முறைகூடக் கிடையாது.

வி.எல்., ஆன் ஆர்பர், மிச்சிகன்
கே: ஃபீடரை எப்போது மாட்டுவது? என்ன வைப்பது?
ப: பறவை வருவதற்கு முன்பே. பயணக் களைப்போடு இறங்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான் அவை பழத்தையும் விதையையும் தேடி அலையும். கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டால் கவனமெல்லாம் பூச்சியின் மேல். கறுப்புச் சூரியகாந்தி விதை போட்டால், வெள்ளை மார்பில் குங்குமத்தை அப்பினாற்போல இருக்கும் ரோஸ்-பிரெஸ்டட் குரோஸ்பீக் வரும். இந்தப் பயணிகளில் பெரும்பாலோர் இரவில் பறப்பவர்கள். எந்த இரவில் எத்தனை பறவை கடக்கும் என்பதை வானிலை ரேடாரை வைத்தே ‘பேர்ட்காஸ்ட்’ தளம் கணித்துச் சொல்கிறது. கூட்டம் அதிகம் என்று சொல்லும் இரவில் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் அவற்றுக்குத் திசையைக் குழப்பும்.

பி.ஜி., ஷார்லட், வட கரோலினா
கே: ஹம்மிங்பேர்டுக்கு ஆர்கானிக் நாட்டுச் சர்க்கரை கரைத்து வைக்கலாம் என்றிருக்கிறேன்.
ப: வைக்காதீர்கள். நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் இரும்புச்சத்து உண்டு. அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது. தேனும் வேண்டாம், சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். டாக்டர் உங்களுக்கு விலக்கிய அதே வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சிவப்புச் சாயம் தேவையில்லை, ஃபீடர் சிவப்பாக இருந்தால் போதும். வெயில் ஏறினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவி மாற்றுங்கள். உங்கள் ஊருக்கு வரும் ரூபி-த்ரோட்டட் ஹம்மிங்பேர்டின் எடை சுமார் 3 கிராம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் தாண்டி வருகின்றன. வந்த விருந்தாளிக்குப் புளித்த பாயசமா?

ஜே.டி., டாலஸ், டெக்சஸ்
கே: ஓரியோலுக்குத் திராட்சை ஜெல்லி பிடிக்குமாமே. ‘சுகர் ஃப்ரீ’ வாங்கட்டுமா?
ப: சர்க்கரை வியாதி உங்களுக்குத்தான், ஓரியோலுக்கு இல்லை. சாதாரண ஜெல்லியே வாங்குங்கள். ஒரு ஸ்பூன் போதும். அகலக் கிண்ணத்தில் கொட்டினால் சின்னப் பறவைகள் சிறகு ஒட்டிக்கொண்டு மாட்டிக்கொள்ளும்.

எஸ்.என்., ஹெர்ன்டன், வர்ஜீனியா
கே: விதை முழுவதையும் அணில் தின்றுவிடுகிறது. குண்டூர் மிளகாய்ப் பொடி கைவசம் இருக்கிறது. தூவட்டுமா?
ப: யோசனை சரி, செய்முறை தவறு. மிளகாயின் காரம் அணிலுக்கும் நமக்கும்தான் உறைக்கும். காரத்தைத் தரும் கேப்சைசின் பறவைகளின் நரம்பைச் சீண்டுவதில்லை. காட்டு மிளகாய்க்கு இதில் லாபம் உண்டு: விதையைக் கடித்து அரைக்கும் விலங்கு விலகிப் போகிறது, முழுதாக விழுங்கித் தூரத்தில் எச்சமிடும் பறவை வருகிறது. ஆனால் தூவிய பொடி காற்றில் பறந்து கண்ணில் விழும்; பறவையின் கண்ணிலும், உங்கள் கண்ணிலும். காரம் ஏற்றிய விதை கடையிலேயே கிடைக்கிறது. அதைவிட, ஃபீடர் கம்பத்தில் குடை வடிவத் தடுப்பு ஒன்றை மாட்டி, மரத்திலிருந்தும் வேலியிலிருந்தும் மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி நடுங்கள். அதையும் தாண்டிவிட்டால் அந்த அணிலுக்கு ஒலிம்பிக் பதக்கம் கொடுத்துவிடலாம்.

மகள் வீட்டுக்கு வந்திருக்கும் தாத்தா, சாமர்செட், நியூ ஜெர்சி
கே: காக்காய்க்கு ஒரு பிடி சோறு வைத்தேன். மகள் கோபிக்கிறாள்.
ப: மகளுக்குக் காக்கை மேல் கோபம் இல்லை ஐயா. அந்தச் சோற்றுக்கு ராத்திரி வரும் ராக்கூனும் எலியும்தான் பயம். நியூ ஜெர்சியின் சில பகுதிகளில் வசந்தத்தில் கரடியும் வரும். அங்கெல்லாம் ஃபீடரையே கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். உப்புப் போட்ட எதையும் பறவைக்கு வைக்காதீர்கள். மிக்சர் உங்களுக்கு மட்டும்.

ஆர்.பி., பிரின்ஸ்டன், நியூ ஜெர்சி
கே: மஞ்சள் கோல்ட்ஃபிஞ்சுக்கென்று விற்கும் மெல்லிய கறுப்பு விதையை ஊரில் பார்த்த ஞாபகம்.
ப: ஞாபகம் சரிதான். அது நம் பேயெள்ளு. இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் விளைந்து கப்பலேறி வருகிறது. கூடவே கலந்து வரும் களை விதைகள் வந்த இடத்தில் முளைத்துவிடக் கூடாது என்று, சூடேற்றித்தான் உள்ளே விடுகிறார்கள். கோல்ட்ஃபிஞ்ச் உங்கள் மாநிலப் பறவை, ஆண்டு முழுவதும் இருக்கும். குளிரில் மங்கிக் கிடக்கும் ஆண், வசந்தத்தில் இறகு மாற்றி எலுமிச்சை மஞ்சளாகிறது.

டி.கே., கொலம்பஸ், ஒஹாயோ
கே: இண்டிகோ பன்டிங் நேற்று நீலம், இன்று கறுப்பு. என் கண்ணாடியை மாற்ற வேண்டுமா?
ப: வேண்டாம், வெயில் வரட்டும். அதன் இறகில் நீல நிறமியே கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் நீலம் தெரிகிறது. நிழலில் கறுத்துவிடும். இதே குருவியைக் கோளரங்கத்தில் விட்டு, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறிகிறது என்று 1960களில் ஸ்டீபன் எம்லென் நிரூபித்தார். அதற்குப் பிடித்தது பனிவரகு. கலவை விதைப் பையில் வெளுத்த மணியாக உருள்வது அதுதான்.

சி.எம்., மிசிசாகா, ஒன்டாரியோ
கே: எல்லா விதையும் வைத்தும் வார்ப்ளர் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லையே?
ப: பூச்சி தின்னிக்கு விதை எதற்கு? தண்ணீர் வையுங்கள். அகலமான ஆழமில்லாத தட்டு, அதன்மேல் சொட்டுச் சொட்டாக விழும்படி ஓட்டையிட்ட வாளி. அந்தச் சத்தத்துக்கு மரத்து உச்சியில் இருப்பதும் இறங்கி வரும். முடியாவிட்டால் மே இரண்டாம் வாரத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பாயின்ட் பெலீ பூங்காவுக்குப் போங்கள். ஏரியைத் தாண்டிக் களைத்து வருபவை கண்ணுக்கு நேரே வந்து உட்காரும்.

எல்.வி., அட்லாண்டா, ஜார்ஜியா
கே: கண்ணாடிக் கதவில் மோதி ஒரு பறவை இறந்துவிட்டது. பருந்து ஸ்டிக்கர் ஒட்டியும் பயனில்லை.
ப: அசையாத பருந்துக்கு யார் பயப்படுவார்கள்? கண்ணாடியில் பறவை காண்பது வானத்தையும் மரத்தையும். வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள். கோலத்துக்கு வைப்பது உங்களுக்குத் தெரிந்த வேலைதானே. ஃபீடரை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், மோதினாலும் வேகம் இருக்காது. இல்லாவிட்டால் பத்து மீட்டருக்கு அப்பால். அமெரிக்காவில் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் வரை கட்டடங்களில் மோதிச் சாகின்றன என்று 2014இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒரு பக்கம் விருந்து வைத்து, மறுபக்கம் கண்ணாடியில் மோதவிடுவது உபசாரம் ஆகாது.

என்.ஏ., போர்ட்லண்ட், ஓரிகன்
கே: என் பூனை சாது. சும்மா பார்க்கத்தான் செய்யும்.
ப: ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்க்கட்டும்.

ஜி.எஸ்., டொராண்டோ
கே: நன்றாகக் கவனித்தால் பறவை குளிர்காலத்திலும் இங்கேயே தங்கிவிடுமா?
ப: தங்கிவிடும் ஆசை நமக்குத்தான். பகல் நீளம் குறைந்ததும் அது கிளம்பிவிடும். ஜெல்லிக்காக எந்த ஓரியோலும் குடியுரிமை கேட்டதில்லை.

யு.கே., டெலவேர்
கே: ஒரே ஒரு காரியம் செய்வதென்றால் எதைச் செய்வது? கம்பளிப்பூச்சி என்றால் என் கணவர் அலறுவார் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.
ப: அப்படியானால் பதில் அவருக்குப் பிடிக்காது. ஓக் மரம் நடுங்கள், பூச்சிமருந்தை நிறுத்துங்கள். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் டல்லமி சொல்லும் கணக்கு இது: ஒரு ஜோடி சிக்கடிக் குருவிகள், ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 கம்பளிப்பூச்சி வேண்டும். வலசை வரும் பாட்டுப் பறவைகளும் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சியைத்தான் ஊட்டுகின்றன. நாம் வைக்கும் பழமும் விதையும் வழிப்போக்கருக்குச் சிற்றுண்டி; குடித்தனம் நடத்தப் பூச்சி வேண்டும். கணவரை மே, ஜூன் முழுக்க வீட்டுக்குள் வைத்திருங்கள். போர்ட்லண்ட் பூனை துணைக்கு இருக்கும்.