தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு கட்டில்

மலேசியாவின் பேராக்கில் ஒருவனுக்குப் புத்தி கழன்றுவிட்டது என்பதை நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியதில்லை. “தஞ்சோங் ரம்புத்தான்” என்றால் போதும். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அந்த ஊரில்தான் இருக்கிறது, ஈப்போவுக்குப் பக்கத்திலேயே. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்களுக்கு அது அப்படி. இளையராஜாவின் பின்னணி இசை பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. லிட்டில் இந்தியாவில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே அவற்றை நான் எடுத்துவிட்ட போதெல்லாம், எதிரே இருப்பவர்கள் அந்த ஊரில் எனக்கொரு கட்டில் பிடித்துவிடுவார்கள்.

ராஜா மேதை. அதில் தகராறே இல்லை. தகராறு எல்லாம் அந்த மேதைமைக்கு நாம் கொடுத்த செய்கூலி, சேதாரம் பற்றியது.

முதல் புகார்: அவர் மோசமான படங்களைக் காப்பாற்றியிருக்கக் கூடாது. 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கியவர் ஆயிரம் படங்களைத் தாண்டிவிட்டார். தமிழ் சினிமாவில் ஆயிரம் நல்ல கதைகளுக்கு எங்கே போவது? ஆக, அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி மீட்புப் பணி. படத்தை ஒரு முறை பார்ப்பாராம். வாத்தியம் எதையும் தொடாமல் நேரே தாளில் ஸ்வரக் குறிப்பு எழுதுவாராம். வயலின்காரருக்கு ஒரு தாள், புல்லாங்குழலுக்கு ஒரு தாள். சாயந்திரத்துக்குள் ரீல் ரீலாகப் படம் உயிர் பிழைத்துவிடும். இப்படி ஓர் ஆள் பிரசாத் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தபின் எந்த இயக்குநர் மெனக்கெடுவார்? கதாநாயகனைத் தென்னை மரத்தடியில் நிறுத்திக் கேமராவை ஓடவிட்டுவிட்டு, “மிச்சத்தை ராஜா சார் பார்த்துக்குவார்” என்று சாப்பிடப் போயிருப்பார்.

நம்பிக்கை இல்லாவிட்டால் எண்பதுகளின் படம் ஒன்றைப் போட்டுச் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். ‘நாயகன்’ அப்போதும் நிற்கும். ‘மௌன ராகம்’ கொஞ்சம் தள்ளாடும், விழாது. மற்றதில் ஒருவர் நடப்பார், நிற்பார், திரும்பிப் பார்ப்பார், மறுபடி நடப்பார். சாவியைத் தொலைத்துவிட்டாரோ என்றுதான் தோன்றும். சத்தத்தைத் திறந்தால் அதே ஆள் காதலில் தோற்ற மனிதர்.

இதற்கு என் மாமா ஒரு பதில் வைத்திருந்தார். “டேய், ‘முதல் மரியாதை’ தெரியுமா உனக்கு?” தெரியும். 1985. ராஜாவுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லையாம். பிடிக்காத படத்துக்கு அப்படி ஓர் இசையைப் போட்டுக்கொடுத்துவிட்டு, சம்பளமும் வேண்டாம் என்றாராம். பாரதிராஜா சொன்ன கதை இது. மாமாவுக்கு இது ராஜாவின் பெருந்தன்மைக்குச் சாட்சி. எனக்கு இது வேறொன்றுக்குச் சாட்சி: ஊரே கொண்டாடிய படத்தை வேண்டாம் என்று சொல்லும் அபிப்பிராயம் ராஜாவுக்கே இருந்திருக்கிறது. அவருக்கு யாரும் கட்டில் பிடிக்கவில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயத்தை இடித்து, ரப்பரை அழித்து, செம்பனை போட்டுவிட்டார்கள். படம் காட்டிய திடலிலும் செம்பனைதான். அதற்குச் சினிமா ரசனை உண்டா தெரியவில்லை. ஆனால் ராஜாவைப் பற்றி எங்கள் சனம் வைத்திருக்கும் தீர்ப்புகள் எல்லாம் அந்தத் திடலில் எழுதப்பட்டவை. ஈப்போவில் வீடு வாங்கி, காடி வாங்கி, நாள் முழுக்க மின்னல் எஃப்எம் கேட்டும் ஒரு தீர்ப்பும் மாறவில்லை.

அந்தத் தீர்ப்புகள் எந்தக் கோர்ட்டில் எழுதப்பட்டன என்று பாருங்கள். சம்பளம் போட்ட வாரம், சனிக்கிழமை ராத்திரி. இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி. முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் பாய் விரிப்பார்கள். அவர்களுக்கு ரஜினி இடக்கையால் சிகரெட் பிடிப்பார். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று, ஆகையால் ரீலுக்கு ரீல் படம் நிற்கும். ஜெனரேட்டர் மட்டும் நிற்காது. சத்தம் வருவது கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில். கூம்பு ஸ்பீக்கரின் குணம் தெரியுமல்லவா? பேச்சும் நாதஸ்வரமும் நன்றாகக் கேட்கும். கீழ் சுருதி எதுவும் அதில் வராது. தாம்பரம் வரைக்கும் போகிற ரயில் மாம்பலத்தோடு நின்ற மாதிரி, பாதி வாத்தியங்கள் வந்து சேரவே இல்லை. ராஜாவின் இசையில் பேஸ் கித்தார் என்று ஒன்று இருக்கிறது, அது மேலே போகும் மெட்டோடு தனியாக ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது என்பதே எங்கள் தோட்டத்துக்குத் தெரியாது. சசிதரன் என்ற மனிதர் சென்னையில் விரல் தேய வாசித்தது சுங்கை சிப்புட் காட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஈப்போவில் ஒரு ஜப்பான் ரேடியோவில் கேசட் போட்டபோதுதான் எனக்கு அடியில் இன்னொருவர் வேலை செய்வது தெரிந்தது. மாமாவிடம் சொன்னேன். “அது ரேடியோ கோளாறு” என்றார்.

இன்னொரு படத்தில் (பெயர் சொன்னால் சண்டை வரும்) ஒரு பெரிய மௌனம் வருவதாக மாமா சொல்வார். தாயும் மகனும் எதிரெதிரே நிற்கிறார்கள், இசையே இல்லை, அந்தத் துணிச்சல் எவனுக்கு வரும் என்று கேட்பார். வீடியோவில் அந்த இடத்தைப் பார்த்தேன். வயலின்கள் கொட்டி முழக்கிக்கொண்டிருந்தன. அத்தையைக் கேட்டதில், அன்றைக்கு மாடு ஒன்று ஸ்பீக்கர் வயரை இழுத்துக்கொண்டு போன விஷயம் வெளியே வந்தது. என்னைக் கேட்டால் அந்த மாடு செய்ததுதான் சரி. ராஜாவிடம் எனக்குள்ள குறையே, மாடு செய்ய வேண்டிய வேலையை அவர் பல படங்களில் செய்யவில்லை என்பது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எண்பதுகளின் குடும்பப் படங்களில் சாவு வரும் பின்னே, ஷெனாய் வரும் முன்னே. தந்திக்காரன் சைக்கிளை ஸ்டாண்ட் போடுவதற்குள் வயலின்கள் துக்கம் விசாரித்து முடித்திருக்கும். இதில் என் பாட்டி ஏமாந்த கதை உண்டு. கைக்குழந்தை வீட்டில் தூங்கியதால் பாட்டி படத்துக்கு வரமாட்டார். லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து காற்றில் வருவதைக் கேட்பார். படம் இல்லாமல் படம் பார்த்தவர் அவர். வெறும் வாத்தியத்தை வைத்தே வில்லன் வந்தானா, கல்யாணம் ஆனதா என்று சொல்லிவிடுவார். பின்னணி இசை பற்றி எழுதும் விமர்சகர்கள் எவருக்கும் இல்லாத பயிற்சி அது. ஒரு தடவை நாங்கள் திரும்பி வந்தபோது பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் புள்ள செத்துப் போச்சா?” என்றார். சாகவில்லை, பாட்டி, லேசாகக் காய்ச்சல். “காய்ச்சலுக்கா இந்தப் பாடு வாசிச்சான்?” என்று அவர் கேட்டதுதான் ராஜாவைப் பற்றிப் பேராக்கில் பேசப்பட்ட முதல் கறாரான விமர்சனம் என்பது என் துணிபு.

‘தளபதி’ (1991) வழக்கு இன்னும் சிக்கலானது. கூட்ஸ் வண்டியில் விட்டுவிட்டுப் போன பிள்ளை. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் தாய்ப் பாட்டின் மெட்டு வாத்தியத்தில் வந்து நெஞ்சைப் பிசைகிறது. முதல் தடவை அழுதேன். அடுத்த தடவையும் அழுதேன். அதற்கப்புறம் ரஜினி தண்டவாளத்தைப் பார்த்தாலே அழ வேண்டும் என்று இசை கட்டளை போடுகிறது. நான் சொல்வது இதுதான்: பின்னணி இசை என்று நாம் மெய்சிலிர்க்கும் இடங்களில் பாதி, பாட்டின் கணக்கில் எடுத்த கடன். பாட்டை ஏற்கெனவே காதலித்துவிட்டோம். அதையே புல்லாங்குழலில் ஊதினால் உருகாமல் என்ன செய்வோம்? பத்து காஜா ஸ்டேஷனில் ரயில் வரும்போது இன்றைக்கும் அத்தைக்குக் கண் கலங்குகிறது. அவர் போவது கோலாலம்பூருக்கு, மகள் வீட்டுக்கு, இரண்டு நாள் தங்க.

அப்படியானால் எனக்கு எதுதான் பிடிக்கும்? மகேந்திரன், பாலு மகேந்திரா போன்ற இயக்குநர்கள் ராஜாவின் கையைப் பிடித்துக்கொண்ட படங்கள். குறிப்பாக ‘வீடு’ (1988). இங்கேதான் என்மீது சர்க்கரை டப்பா எறியப்பட்டது, ஏனென்றால் அந்தப் படத்தில் ஒலிப்பது ராஜா அதற்காக எழுதியதே அல்ல. 1986இல் தியாகராஜருக்கும் பாஃக்குக்கும் காணிக்கையாக அவர் போட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பை எடுத்து பாலு மகேந்திரா படத்தில் வைத்துக்கொண்டார். ஆயிரம் படங்களுக்கு அளந்து தைத்தவரின் சட்டைகளில் எனக்குப் பொருத்தமாகப் பட்டது அளவெடுக்காத ஒன்று. வி. எஸ். நரசிம்மனின் வயலின் சிமென்ட் மூட்டை விலையைப் பற்றிக் கவலைப்படுகிறது. பாஃக் கடன் மனு எழுதுகிறார். தியாகையர் மேஸ்திரியைத் தேடிப் போகிறார். எந்த இடத்திலும் “இப்போது அழு” என்று யாரும் சொல்வதில்லை. லயத்தைக் காலி செய்துவிட்டு, தாமானில் மலிவு வீட்டுக்கு மாதத் தவணை கட்டியவர்களுக்கு அந்தப் படத்தை விளக்கவே வேண்டாம்.

‘ஹே ராம்’ (2000) பற்றிச் சுருக்கமாக. இன்னொருவர் மெட்டுக்கு ஏற்கெனவே எடுத்து முடித்த காட்சிகளுக்கு, உதட்டசைவு பிசகாமல் புதுப் பாட்டுகளைப் பொருத்தினார் என்பது வித்தைதான், தொப்பியைக் கழற்றுகிறேன். பின்னணிக்கு ஹங்கேரி இசைக்குழு. அருமை. ஆனால் அந்தச் சுத்தத்தில் பிரசாத் ஸ்டூடியோ ஆட்களின் வியர்வை வாசம் இல்லை. லண்டனில் 2025 மார்ச்சில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாலைகளும் கும்பிடுகளும் வந்து போனின் வயிறே நிறைந்துவிட்டது. அனுப்பியவர்களில் ஒருவரும் சிம்பொனி கேட்கிற ஜாதி இல்லை. பாட்டே இல்லாத ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) பார்த்துவிட்டு, வெளியே வந்து, “மெஷின் கோளாறா, பாட்டையெல்லாம் வெட்டிட்டானுங்களே” என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

நடுவில் ஒன்று. ராஜாவுக்குப் பாடிய மலேசியா வாசுதேவன் மெட்ராசுக்குக் கப்பலேறுமுன் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாடினார் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய இங்கே தோட்டத்துக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லார் பேச்சையும் கூட்டிப் பார்த்தால் அந்த மனிதருக்குக் கப்பலேற நேரமே இருந்திருக்காது. ராஜாவின் மிகப் பெரிய பின்னணி இசை எங்களுக்கு இதுதான்: நடக்காததையெல்லாம் நடந்ததாக நினைவில் வைப்பது.

போன தீபாவளிக்கு மாமா வீட்டில் இதையெல்லாம் மறுபடி ஆரம்பித்தேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

“மாசத்துக்கு ஒரு படம்டா. அதுவும் அவன் கொண்டாந்து காட்டுற படம். நல்லா இல்லேன்னா எழுந்து எங்க போறது? ரப்பர் காட்டுக்குள்ளயா? திங்கக்கிழமை விடியறதுக்குள்ள பெரட்டுக்கு நிக்கணும். படம் மொக்கையாத்தான் இருக்கும், எங்களுக்கே தெரியும். அந்த ராத்திரியைக் காப்பாத்துனது அவர்தான். டைரக்டர் கெட்டுப் போனா எனக்கென்ன?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மாமா இன்னொரு முறுக்கை எடுத்தார். அத்தை கோப்பி கலக்கப் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டார்.

“ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. ‘ஆட்டுக்கார அலமேலு’ வந்துச்சே, அதுல ஆட்டுக்குப் போட்டான் பாரு சங்கர்-கணேஷ் ஒரு மியூசிக்கு. அதை ராஜாவாலயும் போட முடியாதுலா.”