குறட்டைக்கு ஒரு விலக்கு

கிழக்கிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் கடலைத் தாண்டி, மயிலாப்பூருக்கு மேலே வந்து, நந்தனம், சைதாப்பேட்டை, கிண்டி என்று தாழ்ந்துகொண்டே போகும். கபாலி கோயில் பக்கம் அதன் உயரம் ஏறத்தாழ 1,700 அடிதான். 10,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் வேலைக்கு ஆகாத ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்பது விமானி அறையின் விதி. விமானத் துறையை நடத்துகிறவர்கள் எந்நேரமும் 10,000 அடிக்குக் கீழேதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு இந்த விதி கிடையாது.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் விமானி அறை ஒலிப்பதிவில் கேட்டது கேப்டனின் குறட்டை. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அவர் தூங்கியிருக்கிறார். கலக்கம் தெளியாமல் எழுந்தவர், இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு உயரத்திலிருந்து மலை உச்சி ஓடுதளத்தைப் பிடிக்கப் பார்த்தார். இறங்க வேண்டாம், மேலே ஏற்றுங்கள் என்று துணை விமானி மூன்று தடவை சொன்னார். 158 பேர் செத்தார்கள்.

விமானி கண் விழித்திருக்க வேண்டுமென்றால் அதற்கு முன் தூங்கியிருக்க வேண்டும். இந்த அரிய உண்மையை விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் விதியாக்கியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவுப் பணியில் 6 தடவை இறங்கலாம் என்பது 2 ஆனது. கம்பெனிகள் முனகின, தள்ளிப்போடவைத்தன. முழு விதியும் அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 1இல். ஆள் எடுக்க ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தது. ரங்கநாதன் தெருவில் பாத்திரம் விற்கிறவர்கூட தீபாவளிக்கு முன்பே கூடுதல் ஆள் போட்டுவிடுவார். நாட்டின் ஆகப்பெரிய விமான நிறுவனமான இண்டிகோவுக்கு அது தோன்றவில்லை.

டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இண்டிகோ விமானங்கள் ரத்து. நாமும் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு கத்தினோம்: எப்படியாவது கிளப்பு! அரசு உடனே கிளப்பியது. யாரை எழுப்ப வேண்டுமோ அவர்களை எழுப்பவில்லை. தூங்க விடு என்ற விதியைத் தூங்கவைத்தது. இரவு இறக்கத்தின் உச்சவரம்பு அந்த நிறுவனத்துக்கு மட்டும் தளர்ந்தது, 2026 பிப்ரவரி 10 வரை. அதுவரை விமானியின் உடம்பும் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டு விழித்திருக்கும் என்று நம்பிக்கை!

கண்டிப்பே இல்லை என்று சொல்லமுடியாது. 2023 ஹோலியன்று ஸ்பைஸ்ஜெட் விமானிகள் இருவர், விசைகள் இருக்கும் நடுப்பலகையில் காபிக் கோப்பையை வைத்துக் கையில் குஜியாவும் (நம்ம சோமாஸ்தான்) வைத்திருந்தார்கள். படம் வெளியே வந்தது, பணியிலிருந்து இறக்கப்பட்டார்கள். சரிதான், காபி கொட்டியிருந்தால் வம்பு. தூக்கமின்மை கொட்டாது, படத்திலும் விழாது. அதனால் அதற்குத் தண்டனை அவ்வளவு சட்டென்று வராது.

இறங்கும் நேரத்தில் பணிப்பெண் வருவார். நாற்காலியை நிமிர்த்தச் சொல்வார், ஜன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வார், தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவார். பின்வரிசை வரைக்கும் அவ்வளவு கறார். முன்னறைக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு இருந்தது.